இறாலுக்கு இசைந்த பானம் எது?

சென்ற திங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, சுவராஜ் தீவில் தங்கு விடுதியொன்றில் பரிமாறும் வேலை பார்க்கும் நம் இளைஞர் ஒருவர் நம்மைக் காண வந்திருந்தார். ஹேவ்லாக் என்றே நம்மவர் நாவில் இன்றும் வழங்கும் அத்தீவு 2018ஆம் ஆண்டின் இறுதியில் பெயர் மாற்றம் பெற்றதை அன்பர்கள் அறிவர். வழக்கமாகச் சிரித்த முகத்துடன் வரும் அவர் அன்று வாடியிருந்தார். காரணம் கேட்டோம்.

வெளிநாட்டு விருந்தினர் இருவர், விடுதிச் சமையற்காரர் நம்மூர் முறையில் செய்த இறால் தொக்கை விரும்பிக் கேட்டனராம். அதனுடன் அருந்த எந்த ஒயின் பொருந்தும் என்று நம் இளைஞரிடமே யோசனை கேட்டனராம். பட்டியலில் விலை மிகுந்தது எதுவோ அதுவே சிறந்ததாயிருக்கும் என்று எண்ணிய அவர், கருஞ்சிவப்பு ஒயின் ஒன்றைக் காட்டிவிட்டார். வந்தவர் இரண்டு மிடறு பருகி முகஞ்சுளித்துக் கோப்பையை விலக்கி வைத்தார். வாயில் பழைய இரும்பைக் கடித்தாற்போல் இருக்கிறது என்றாராம். அன்றிரவு மேலாளரின் கடுஞ்சொல் கிடைத்தது. திங்கள் முடிவில், திறந்த குப்பியின் விலையில் ஒரு பகுதி ஊதியத்திலும் குறைந்தது.

"ஐயா, எங்கள் வீட்டில் இறாலுக்குச் சோறுதான் தெரியும்; ஒயின் தெரியாது. நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்?" என்று அவர் கேட்டார். அக்கேள்வியே இக்கட்டுரைக்கு வித்து.

நம் சங்க இதழில் மதுவைப் பற்றி எழுதலாமா என்று புருவம் உயர்த்தும் பெரியோர் சிலர் இருப்பர். அவர்கள் ஐயம் நியாயமானதே. வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கென்று தனி அதிகாரமே வகுத்தார்; அது தொண்ணூற்று மூன்றாவது. கடல் கடந்து வந்து உழைத்த கூலி வீடு சேராமல் கடைவாசலிலேயே கரைந்துபோன குடும்பங்களை நாமும் கண்டிருக்கிறோம். அந்தக் குடும்பத்துத் தாய்மார்கள் நம் சங்கப் படியேறி அழுததையும் மறக்கவில்லை. ஆகவே குப்பியை எவர் வீட்டுக்கும் அழைத்துவர நாம் எழுதவில்லை. ஆனால் இத்தீவுகளில் நம் பிள்ளைகள் பலருக்குச் சோறிடுவது சுற்றுலாத் தொழில். பொற்கொல்லர் தாம் அணியாத நகைக்கும் மாற்று அறிவார் அன்றோ? பரிமாறுகிறவரும் தாம் பருகாத பானத்தின் குணம் அறிந்திருத்தல் தொழிலறிவே. அவ்வறிவு இல்லாமையால் ஒருவர் ஊதியம் குறைந்தது என்பதை நேரில் கேட்ட பின்னர், வாளாவிருக்க நமக்கு மனம் வரவில்லை.

இறாலும் திராட்சை மதுவும் தமிழர்க்குப் புதியனவும் அல்ல. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலையைப் புரட்டிப் பார்த்தால், காவிரிப்பூம்பட்டினத்துக் கடற்கரையில் வலிய ஆடவர் சுட்ட இறாலைத் தின்று, அடும்பின் மலரைச் சூடி, மற்போருக்கு இறங்குவதைக் காணலாம். அதே பாட்டில், இரவில் பட்டாடை களைந்து மெல்லிய துகில் உடுத்த மகளிர், மட்டு எனப்படும் கள்ளை விடுத்து மதுவை உண்டு மகிழ்வதும் வருகிறது. இறால் தின்றவர் வேறு, மது உண்டவர் வேறு. இரண்டையும் ஒரே இலையில் புலவர் பரிமாறவில்லை. ஆயினும் ஒரே ஊரில், ஒரே பாட்டில் இரண்டும் உள்ளன. புறநானூற்றின் 56ஆம் பாட்டில், யவனர் கொணர்ந்த குளிர்ந்த மணமுள்ள தேறலைப் பொற்கலத்தில் ஏந்தி நாள்தோறும் மகளிர் கொடுக்க மகிழ்ந்திருக்குமாறு பாண்டியன் நன்மாறனை நக்கீரனார் வாழ்த்துகிறார். முசிறித் துறையில் வந்திறங்கிய சரக்குகளுள் ஒயினும் உண்டு, ஆனால் மிகுதியாக இல்லை என்று கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு நூலான பெரிப்ளூஸ் கூறுகிறது. புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது, மத்தியதரைக் கடல் நாடுகளின் இருகாதுச் சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. ஒயின் ஏற்றி வந்த சாடிகள் அவற்றுள் உண்டு. நம் இளைஞரைத் திணற அடித்த சரக்கு, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே நம் துறையில் இறங்கிய சரக்குத்தான்.

இனி அவர் கேள்விக்கு வருவோம்.

மீனுக்கும் இறாலுக்கும் வெள்ளை ஒயின், ஆட்டிறைச்சிக்கும் மாட்டிறைச்சிக்கும் சிவப்பு ஒயின் என்பது ஐரோப்பியர் நெடுங்காலமாகச் சொல்லிவரும் விதி. விதி இருந்ததேயன்றி அதன் காரணம் தெளிவாயிருக்கவில்லை. சிவப்பு ஒயின் திராட்சையின் தோலோடும் விதையோடும் சேர்த்துப் புளிக்க வைக்கப்படுவது. ஆதலால் பாக்கில் உள்ளது போன்ற துவர்ப்பு அதில் இறங்கியிருக்கும். அத்துவர்ப்புத்தான் கடலுணவோடு பகைக்கிறது என்று பலரும் கருதினர். ஜப்பானிய ஒயின் நிறுவனம் ஒன்றின் ஆய்வாளர்கள் 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி வேறொரு குற்றவாளியைப் பிடித்துத் தந்தது. அவர்கள் 38 சிவப்பு ஒயின்களையும் 26 வெள்ளை ஒயின்களையும் சிப்பி இறைச்சியோடு சுவைத்துப் பார்த்தனர். ஒயினில் கரைந்துள்ள இரும்பு லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு மேற்பட்டபோது, வாயில் கவிச்சு வாடை எழுந்து தங்கியது. இரும்பைச் செயலற்றதாக்கும் பொருளைச் சேர்த்தபோது வாடை தணிந்தது. ஆகவே பகை நிறத்தில் இல்லை, இரும்பில் இருக்கிறது. இரும்பு குறைந்த சிவப்பு ஒயினும் உண்டு; ஆனால் குப்பியின் மேல் எவரும் அதனை எழுதி ஒட்டுவதில்லை. எனவே பரிமாறுகிறவர்க்குப் பழைய விதியே பாதுகாப்பு. அவர்கள் ஆராய்ந்தது சிப்பியை; இறாலை அன்று. எனினும், பழைய இரும்பைக் கடித்தாற்போல் என்று அவ்விருந்தினர் சொன்னது நமக்கு இவ்வாய்வையே நினைவூட்டிற்று.

எனின், வெள்ளை ஒயினைக் காட்டியிருந்தால் நம் இளைஞர் தப்பியிருப்பாரா? பாதி தப்பியிருப்பார். மற்றப் பாதி, இறாலில் இல்லை, குழம்பில் இருக்கிறது. நாம் சொல்ல விரும்பும் செய்தி இது ஒன்றே: பானத்தைத் தேர்வதற்கு முன்னால் இறாலைப் பாராதீர், அது எதில் வெந்திருக்கிறது என்று பாருங்கள்.

ஐரோப்பியர் விதி எந்த அடுப்படியில் பிறந்தது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஸ்பெயின் நாட்டின் தென்கரையில் சான்லூகார் என்றொரு கடலோர ஊர். அங்கே இறாலை உப்புநீரில் அவித்து, ஓட்டை உரித்து அப்படியே உண்பர். உடன் மன்சானில்லா என்னும், இனிப்பே இல்லாத வெளிறிய ஒயினை நன்கு குளிரவைத்துப் பருகுவர். உலகத்தார் புகழும் பொருத்தம் இது. ஆனால் அவ்விறாலில் மிளகாய் உண்டா? புளி உண்டா? சோம்பும் பட்டையும் வறுத்து அரைத்த மசாலை உண்டா? இறாலின் இயற்கையான இனிப்பும் உப்பும் மட்டுமே உண்டு. அந்த இனிப்பு கிளைசின் என்னும் புரதக் கூறினால் வருவது. இதற்கு எதிரில் புளிப்பான பானம் ஒன்று வேண்டும். அதனை ஒயின் தருகிறது. எலுமிச்சை பிழிவதும் அதே வேலைக்குத்தான். பிடித்து நேரமான கடலுணவில் எழும் வாடைக்குக் காரணமான அமீன் என்னும் காரப்பொருளை அமிலம் கட்டிப்போட்டு, ஆவியாகி மூக்கை எட்டாதபடி செய்துவிடும்.

நம் தாய்மார்கள் இவ்வேலையை எலுமிச்சைக்கும் விடவில்லை, ஒயினுக்கும் விடவில்லை, புளியிடம் ஒப்படைத்தனர். இங்கே ஒரு வியப்பு உண்டு. திராட்சையின் தலையாய அமிலம் டார்டாரிக் அமிலம். புளியின் தலையாய அமிலமும் அதுவே! ஐரோப்பியன் கோப்பையில் வைத்திருப்பதை நாம் சட்டியிலேயே கரைத்து விட்டிருக்கிறோம். எனவே முருங்கைக்காயும் மாங்காயும் இட்டுப் புளி கரைத்து வைத்த இறால் குழம்புக்கு எதிரில் புளிப்புக் குறைந்த ஒயினை வைத்தால், அது வெறும் தண்ணீராகத் தோன்றும். உணவைவிடப் பானம் புளிப்பில் குறையலாகாது என்பது ஒயின் வல்லார் பலரும் ஒப்பும் கருத்து. நாசிக்கின் சுலா தோட்டத்தார் 2000ஆம் ஆண்டில் முதன்முதலாக வெளியிட்ட ஒயின்களுள் சாவிஞோன் பிளாங்க் ஒன்று. பச்சிலை மணமும் கூரிய புளிப்பும் உடையது அவ்வகைத் திராட்சை. புளிக்குழம்புக்கு அதனைக் காட்டலாம்.

தொக்கு வேறு, அங்கே தலைமை தாங்குவது காரம். காரம் என்பது நாவின் சுவையன்று. சூட்டை உணரும் நரம்பு முனைகளை மிளகாய் ஏமாற்றுவதால் எழும் எரிச்சல். அம்முனைகள் இயல்பாக 42 பாகை செல்சியசு அளவில்தான் விழிக்கும். ஆல்ககால் பட்டால் ஏறத்தாழ 34 பாகையிலேயே விழித்துக்கொள்ளும் என்று 2002ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டிற்று. நம் வாயின் சூடே அதைவிட மிகுதி. ஆகவே நூற்றுக்கு 14 பங்கு ஆல்ககால் உள்ள கனத்த சிவப்பு ஒயினைத் தொக்கோடு கொடுப்பது, எரியும் அடுப்பில் எண்ணெய் வார்ப்பதே. இரும்பும் சேர்ந்தது, ஆல்ககாலும் சேர்ந்தது. நம் இளைஞரின் விருந்தினர் முகஞ்சுளிக்காமல் என் செய்வார்? தொக்குக்கும், மிளகு தூக்கலான செட்டிநாட்டு வறுவலுக்கும் ஆல்ககால் குறைந்ததும், சற்றே இனித்திருப்பதுமான வெள்ளை ஒயின் வேண்டும். ஜெர்மானிய ரீஸ்லிங் வகைகளுள் நூற்றுக்கு எட்டு, ஒன்பது பங்கே ஆல்ககால் உடையன உண்டு. அது கிட்டாவிடில் சற்று இனிப்பான ஷெனின் பிளாங்க்கை நன்கு குளிரவைத்துத் தரலாம். இனிப்பு காரத்தைத் தணிக்கும்; குளிர்ச்சியும் தணிக்கும்.

தேங்காய்ப்பாலில் வெந்த இறாலுக்கு இவ்வளவு அச்சம் வேண்டா. நம் சொதியும், அண்டை வீட்டு வங்காளியர் ஆக்கும் சிங்ரி மலாய்க் கறியும் ஒரே குடும்பம். கொழுப்பு மிளகாயின் எரிச்சலை ஏற்கெனவே தணித்துவிடுவதால், சற்று உடல் கனத்த வெள்ளை ஒயின் எதுவும் ஒத்துப்போகும். பூண்டும் வெண்ணெயும் இட்டு வாட்டிய இறால் ஐரோப்பிய முறையே; அதற்கு அவர்கள் விதியைச் சொல்லிவிட்டு நகரலாம்.

ஆனால் நம் மண்ணின் காரத்துக்கு நம் மண்ணிலேயே ஒரு பானம் இருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஒயின் வல்லார் காரமான உணவுக்குக் கேட்கும் குணங்கள் யாவை? ஆல்ககால் குறைவு, சிறிது இனிப்பு, சிறிது புளிப்பு. இம்மூன்றும் அன்று இறக்கிய கள்ளில் உள்ளன. மரத்திலிருந்து இறங்கிய சில மணி நேரத்தில், வெளியிலிருந்து எதுவும் சேர்க்காமலேயே அது நுரைத்துப் புளிக்கத் தொடங்கும். ஆல்ககால் நூற்றுக்கு நான்கைந்து பங்குதான். மறுநாள் காடியாகத் திரும்பிவிடும். கேரளத்துக் குட்டநாட்டுக் கள்ளுக்கடைகளில் குடம்புளி இட்ட மீன் கறியும் இறால் வறுவலும் பெயர் பெற்றமைக்குக் காரணம் சமையற்காரரின் கைத்திறன் மட்டுமன்று. கோவாவில் கள்ளையே காடியாக்கி, அக்காடியில் இறாலை ஊறுகாய்போல் சமைத்துப் பல்சாவ் என்கின்றனர். நிக்கோபாரியர் தென்னங்கள் இறக்குவதும் தொன்றுதொட்ட வழக்கம். தமிழ்நாட்டிலோ 1987ஆம் ஆண்டு முதல் கள்ளுக்குத் தடை இருந்துவருகிறது. சீமைச் சரக்குக்கு மட்டும் கடை திறந்திருக்கிறது. இம்முரணைப் பற்றி நமக்குக் கருத்து உண்டு. ஆயினும் இவ்விதழ் அரசியல் மேடையன்று, நிறுத்திக்கொள்வோம்.

மது தொடாத இல்லங்கள் நம்முள் மிகப்பல. விருந்துக்கு வந்தவர்முன் வெறும் தண்ணீரை வைக்க நாணும் இல்லத்தரசியர் சிலரையும் அறிவோம். நாண வேண்டியதில்லை. மேலே சொன்ன குணங்களை மதுவின்றியும் பெறலாம். காரத்தைத் தணிப்பதில் மோருக்கு ஈடில்லை. பாற்புரதம் மிளகாயின் எரிபொருளைப் பற்றி இழுத்துச் சென்றுவிடும். ஆனால் மீனும் இறாலும் உண்ட வாயில் மோரும் தயிரும் கூடாது என்பது நம் முதியோர் விதித்த விதி. அவ்விதியை மீறச் சொல்லி மாமியார் மருமகள் பூசலை மூட்ட நாம் விரும்பவில்லை. அவ்வில்லங்களில் இளநீர் இருக்கிறது. இத்தீவுகளில் அதற்குப் பஞ்சமில்லை. மெல்லிய இனிப்பும் சிறிது உப்பும் உடைய அது, உப்பும் இனிப்புமான இறாலுக்கு உடன்பிறந்தது போல் அமையும். எலுமிச்சை பிழிந்து நன்னாரிச் சாறு கலந்த சர்பத்து, இனிப்பும் புளிப்பும் ஒருங்கே உடையதால் தொக்குக்கு மிகப் பொருந்தும். தேநீர் மட்டும் வேண்டா. அதன் துவர்ப்பு, சிவப்பு ஒயினின் துவர்ப்புக்குத் தாயாதி.

விடுதிகளில் வேலை செய்யும் அன்பர்கள் கருத்திற் கொள்ள வேண்டிய செய்திகள் வேறு சிலவும் உண்டு. சமைக்கும்போதே ஒயின் ஊற்றும் வழக்கம் சில விடுதிகளில் இருக்கிறது. ஊற்றியது கொதியில் ஆவியாகிவிடும், தீட்டு இல்லை என்று விருந்தினர்க்கு உறுதி சொல்லாதீர். அமெரிக்க வேளாண்மைத் துறையின் அட்டவணைப்படி, கலந்து 15 நிமிடம் கொதித்த உணவில் ஊற்றிய ஆல்ககாலில் நூற்றுக்கு 40 பங்கு எஞ்சும்; ஒரு மணி நேரம் கொதித்தாலும் 25 பங்கு எஞ்சும். இறால் வேக மூன்று நான்கு நிமிடமே போதும், மிகுந்தால் இரப்பராகிவிடும். ஆகவே எஞ்சுவது கொஞ்சமன்று. மது விலக்கிய முஸ்லிம் அன்பரோ, குடியை விட்டு மீண்டு வந்த ஒருவரோ, நோய்க்கு மருந்து உண்பவரோ கேட்டால், உள்ளதை உள்ளவாறே சொல்ல வேண்டும்.

இறால் கருக்காதிருக்கச் சில இடங்களில் சல்பைட்டு என்னும் கந்தக உப்பில் தோய்ப்பர். ஒயின் கெடாதிருக்கவும் அதே வகை உப்பைச் சேர்ப்பர். மூச்சிரைப்பு நோயுள்ளோருள் சிலருக்கு அது ஒவ்வாது. அன்றியும் இறால் ஒவ்வாமை உடையவர்க்கு மது அவ்வொவ்வாமையைக் கடுமையாக்கவும் கூடும். உதடு வீங்குகிறது, உடல் தடிக்கிறது என்று ஒருவர் சொன்னால், ஒயினைப் பற்றிய பேச்சை விடுத்து மருத்துவரை அழையுங்கள்.

குப்பிகள் இங்கே எப்படி வந்து சேர்கின்றன என்பதையும் எண்ண வேண்டும். சென்னையிலிருந்து நம் தலைநகர்த் துறைமுகம் ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். கப்பலில் மூன்று நாள் அளவு. கப்பலடியிலும் பண்டகசாலையிலும் வெயிலில் வெந்த ஒயின், வேகவைத்த பழம்போல் நாற்றமடையும். எவ்வகைத் திராட்சை என்ற பெயரெல்லாம் அதன்பின் வீண். விடுதியில் குப்பிகள் அடுப்புக்கு அருகில் நிற்கின்றனவா, குளிர்ந்த இருட்டறையில் கிடக்கின்றனவா என்று ஒருமுறை எட்டிப் பாருங்கள். வெள்ளை ஒயினை எட்டுப் பத்துப் பாகை செல்சியசில் பரிமாற வேண்டும்; நம் தீவு வெப்பத்தில் மேசைமேல் வைத்த கோப்பை விரைவில் சூடேறும். அதனால் சிறிது சிறிதாக ஊற்றிக் கொடுப்பதே நலம்.

இவற்றையெல்லாம் நம் இளைஞரிடம் சொன்னோம். அவர் ஒரு சிறு குறிப்பேட்டை எடுத்து, குழம்பு, தொக்கு, பால்கறி, வாட்டல் என்று நான்கு தலைப்பிட்டுக் குறித்துக்கொண்டார். அடுத்த முறை எவரேனும் கேட்டால், முதலில் "காரம் எவ்வளவு வேண்டும்?" என்று அவர்களைக் கேட்டுவிட்டு, பிறகே பட்டியலைத் திறப்பதாகச் சொன்னார். படியிறங்கும்போது திரும்பி, "நண்டுக்கு ஐயா?" என்றார். நண்டின் கதை வேறு. அதனை உடைத்துத் தின்னவே இரு கையும் வேண்டுமே. கோப்பையை எந்தக் கையால் பிடிப்பது?